கிடாரில் கேட்ட ஒப்பாரி

எல்லோருக்கும் வணக்கம்.

சமீபத்தில் வந்த ராக் ஆல்பங்களைப் பற்றியும் கச்சேரிகளைப் பற்றியும் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் விமர்சகன் இல்லை. எனக்குக் கிடார் வாசிக்கவும் தெரியாது. முப்பது வருடமாக விடாமல் கேட்கிறவன், அவ்வளவுதான். அதனால் கடந்த சில வருடங்களில் என்னை உலுக்கிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஆனால் எங்கள் பெரியத்தையில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பெரியத்தையைத் தேடி ஆள் வரும். அவர் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கிற பெண்ணின் தோளைக் கட்டிக்கொள்வார். உடனே பாட மாட்டார். கொஞ்ச நேரம் வெறும் முனகல்தான் கேட்கும், உடம்பு முன்னும் பின்னும் ஆடும். அப்புறம்தான் முதல் அடி வரும். அது வந்ததும், அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்தவர்கள், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் எல்லோரும் உடைந்துவிடுவார்கள். "ஏன் அத்தை உடனே பாட மாட்டேங்குறீங்க?" என்று சின்ன வயதில் கேட்டேன். "எடுத்ததும் பாடுனா யாருக்குடா அழுகை வரும்? ராகத்தை இழுத்து இழுத்துத்தான் கொண்டாரணும்" என்றார்.

2021 மே மாதம் என் அண்ணன் கொரோனாவில் போய்ச் சேர்ந்தான். எனக்கு ராக் கேட்கக் கற்றுக்கொடுத்தவன் அவன். அம்பத்தூரில், இரும்புத் தகட்டை மெஷினில் அழுத்தி வடிவமாக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. சுடுகாட்டில் நாலு பேர் நின்றோம். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பெரியத்தையால் ஊரில் இருந்து வர முடியவில்லை. அண்ணனுக்கு ஒப்பாரி வைக்க ஆளில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதற்குப் பிறகு வந்த ஆல்பங்களை நான் கேட்ட காது வேறு. அதை மறைத்துவிட்டுப் பேசினால் நான் சொல்வது எதுவும் உங்களுக்குச் சரியாக விளங்காது.

சரி, ஃபூ ஃபைட்டர்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவுக்கு வருவோம். அவர்களின் டிரம்ஸ் கலைஞர் டெய்லர் ஹாக்கின்ஸ் 2022 மார்ச் 25 அன்று கொலம்பியாவின் பொகோட்டா நகரில், கச்சேரிக்காகப் போன இடத்தில் இறந்தார். வயது ஐம்பது. அதே வருடம் குழுவின் தலைவர் டேவ் க்ரோலின் அம்மாவும் இறந்தார். அவர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். செப்டம்பர் 3 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் டெய்லருக்காக ஒரு நினைவுக் கச்சேரி நடந்தது. கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதில் டெய்லரின் மகன் ஷேன், பதினாறு வயதுப் பையன், அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டுக்கு டிரம்ஸ் அடித்தான். அந்த வீடியோவை இதுவரை பார்க்காதவர்கள் இன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அவன் அடித்த அடியில் கோபம் இருந்தது. பதினாறு வயதில் அப்பாவை இழந்த பையனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

அடுத்த வருடம் ஜூன் 2 அன்று 'பட் ஹியர் வி ஆர்' ஆல்பம் வந்தது. அதில் டிரம்ஸ் வாசித்தவர் டேவ் க்ரோலேதான். அவர் நிர்வாணா குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1994இல் அந்தக் குழுவின் பாடகர் கர்ட் கோபெய்ன் இறந்த பிறகு, கிட்டத்தட்ட எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்துப் பதிவு செய்ததுதான் ஃபூ ஃபைட்டர்ஸின் முதல் ஆல்பம். அதன் பிறகு இத்தனை வருடம் கழித்து, இன்னொரு சாவுக்குப் பிறகு, மறுபடியும் ஒரு முழு ஆல்பத்துக்கு அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்திருக்கிறார். கடைசிக்கு முந்தைய பாட்டு 'தி டீச்சர்', அம்மாவுக்கானது, பத்து நிமிடம் ஓடும். சில இடங்களில் கிடார்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இரைச்சலாகவே ஆகிவிடுகிறது. முதலில் கேட்டபோது பதிவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மூன்றாவது தடவை கேட்டபோது, அந்த இரைச்சல் இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்று புரிந்தது.

இந்த ஆல்பம் முழுக்க எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். நடுவில் இரண்டு பாட்டு அவர்களின் பழைய பாட்டுகள் போலவே இருக்கின்றன. ஆனால் வரிசை மாற்றாமல், முதலில் இருந்து கடைசி வரை ஒரே மூச்சில் கேளுங்கள். பாட்டுகளைப் பிரித்துப் பட்டியலில் போட்டுக் கேட்டால் இது கையில் சிக்காது.

ரோலிங் ஸ்டோன்ஸ் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2005க்குப் பிறகு சொந்தப் பாட்டுகளோடு அவர்கள் வெளியிட்ட முதல் ஆல்பம் 'ஹாக்னி டைமண்ட்ஸ்', 2023 அக்டோபர் 20 அன்று வந்தது. பாடகர் மிக் ஜாகருக்கு அப்போது எண்பது வயது முடிந்திருந்தது. ஒலி எனக்குக் கொஞ்சம் பளபளப்பு அதிகம். ஆனால் அதில் இரண்டு பாட்டுகளில் அவர்களின் பழைய டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸ் வாசித்திருக்கிறார். அவர் இறந்தது 2021 ஆகஸ்டில். அதற்கு முன்பே பதிவு செய்து வைத்திருந்ததைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 'லிவ் பை த சோர்ட்' என்ற பாட்டில் சார்லியோடு பேஸ் கிடார் வாசிப்பவர் பில் வைமன், முப்பது வருடத்துக்கு முன்பு குழுவை விட்டுப் போனவர். இறந்தவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். நம் ஊரில் சண்டை போட்டுப் பிரிந்தவன்கூடச் சாவு வீட்டுக்கு வந்து வாசலில் நிற்பான் இல்லையா, எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. இவர்கள் சண்டை போட்டார்களோ இல்லையோ, வந்து சேர்ந்த விதம் அப்படி இருக்கிறது.

ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகாவைச் சொல்லாமல் விட்டால் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கறுப்புச் சட்டைத் தம்பிகள் என்னை விட மாட்டார்கள். '72 சீசன்ஸ்', 2023 ஏப்ரல் 14. தமிழ்ப் புத்தாண்டு அன்று வந்தது. பிறந்ததில் இருந்து பதினெட்டு வயது வரை நாம் கடக்கும் பருவங்களின் எண்ணிக்கைதான் அந்த 72. வருடத்துக்கு நாலு பருவம் என்பது அவர்கள் கணக்கு. நம்முடைய பெரும்பொழுது ஆறு, ஆகவே நமக்கு 108 வரும். ஆல்பம் ஒரு கால் மணி நேரம் குறைந்திருக்கலாம். ஆனாலும் பதினோரு நிமிடம் ஓடும் கடைசிப் பாட்டு 'இனமொராட்டா'வை ஒரு நொடிகூடக் குறைக்க விட மாட்டேன். 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அவர்கள் வாசித்தபோது நானும் அண்ணனும் போயிருந்தோம். டெல்லிப் பக்கம் நடக்க வேண்டிய கச்சேரி இரண்டு நாளைக்கு முன்புதான் ரத்தாகியிருந்தது. இதுவும் நடக்குமோ நடக்காதோ என்ற பயத்தோடு ரயில் ஏறினோம். முதல் பாட்டு தொடங்கியதும் அண்ணன் என் கையைப் பிடித்த பிடி இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது.

ஓப்பெத் குழுவையும் அண்ணனோடுதான் பார்த்தேன். 2009இல் ஐஐடி மெட்ராஸ் சாரங் விழாவுக்கு வந்தார்கள். ஸ்வீடனில் இருந்து அப்படி ஒரு குழு சென்னைக்கு வருகிறது என்பதையே நாங்கள் நம்பவில்லை. 2024 நவம்பரில் அவர்களின் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' வந்தது. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் ஒரு பணக்கார வீடு, அப்பா செத்துப் போயிருக்கிறார், பிள்ளைகள் முன்னால் உயில் வாசிக்கப்படுகிறது. அதுதான் கதை. பாட்டுகளுக்குப் பெயர்கூட இல்லை, உயிலில் இருப்பது போலப் பத்தி எண்கள்தான். கடைசிப் பாட்டுக்கு மட்டும் பெயர் உண்டு. 2008க்குப் பிறகு ஆல்பத்தில் விட்டிருந்த உறுமல் குரலைப் பாடகர் மைக்கேல் ஓகர்ஃபெல்ட் இதில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். செத்தவர் பேசும் இடங்களில் அந்த உறுமல் வருகிறது. அண்ணன் இதைக் கேட்டிருந்தால் அன்றைக்கு வேலைக்குப் போயிருக்க மாட்டான்.

இனி தி க்யூர். இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

பதினாறு வருடம் ஆல்பமே இல்லாமல் இருந்த குழு. 2024 நவம்பர் 1 அன்று 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' வந்தது. எட்டே பாட்டு. முதல் பாட்டு 'அலோன்' தொடங்கி மூன்று நிமிடத்துக்கு மேல் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாயைத் திறக்க மாட்டார். டிரம்ஸ் மெதுவாக, சவ ஊர்வலத்தில் எடுத்து வைக்கும் கால் மாதிரி விழும். அதன் மேல் கீபோர்ட் பரவிக்கொண்டே போகும். குரல் எப்போது வரும், எப்போது வரும் என்று காத்திருந்து, இனி வராது என்று நாம் விட்டுவிடும் இடத்தில் வருகிறது. நான் இருட்டில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். பெரியத்தை ஞாபகம் வந்துவிட்டது. அதே முனகல், அதே ஆட்டம், அதே காத்திருப்பு. இங்கிலாந்தில் சசெக்ஸ் பக்கத்து க்ராலியில் வளர்ந்த, அப்போது அறுபத்தைந்து வயதான மனிதருக்கும் எங்கள் பெரியத்தைக்கும் ஒரே தொழில் ரகசியம் தெரிந்திருக்கிறது.

ஆறாவதாக வரும் 'ஐ கேன் நெவர் சே குட்பை' அவர் தன் அண்ணன் ரிச்சர்டின் சாவைப் பற்றி எழுதியது. இதை அவர் முதலில் பாடியது 2022 அக்டோபரில் போலந்தின் க்ராகோவ் நகரத்து மேடையில். ஆல்பம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே! இந்த ஆல்பத்தில் பல பாட்டுகள் இப்படித்தான் மேடையில் முதலில் பாடப்பட்டு, ரசிகர்களின் காதில் பழகி, பிறகு பதிவாக வந்தன. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு துக்கத்தை ஸ்டுடியோவில் பூட்டி வைத்து மெருகேற்றாமல், முதலில் ஊர் முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அந்தப் பாட்டில் பியானோவில் ஒரு சின்னச் சரடு திரும்பத் திரும்ப வரும். அது மாறவே மாறாது. அண்ணன் இறந்த பிறகு என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததும் அப்படித்தான். ஒரே யோசனை, ஒரே இடத்தில் தொடங்கி அதே இடத்தில் முடியும். ஆஸ்பத்திரி வாசல் வரை போனவன், உள்ளே விட முடியாது என்று சொன்னதும் ஏன் சண்டை போடாமல் திரும்பினேன் என்ற யோசனை. பாட்டு முடிந்ததும் மூன்று வருடம் வராத அழுகை வந்தது. என் மனைவி எழுந்து வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த நவம்பர் 1 அன்றே லண்டனில் ட்ராக்ஸி என்ற பழைய சினிமாக் கொட்டகையில் கச்சேரி. புது ஆல்பத்தை வரிசையாக முழுக்க வாசித்தார்கள். அப்புறம் பழைய பாட்டுகள். மொத்தம் 31 பாட்டு, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். யூடியூபில் காசு வாங்காமல் நேரலையாகக் காட்டினார்கள். நமக்கு நள்ளிரவு தாண்டிய நேரம். 2023 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் டிக்கெட் விலையைக் குறைவாக வைத்துவிட்டு, டிக்கெட் விற்ற நிறுவனம் மேலே போட்ட கட்டணங்கள் சிலருக்கு டிக்கெட்டை விட அதிகமாக வந்ததும், ராபர்ட் ஸ்மித் வெளிப்படையாகச் சண்டை போட்டு ரசிகர்களுக்கு ஒரு பகுதிப் பணத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்தவர். ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டினால்தான் பார்க்க முடியும் என்றாகிவிட்ட கச்சேரிக் காலத்தில் இவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கடைசியாக ஒன்று. 2025 ஜூலை 5, பர்மிங்ஹாம், வில்லா பார்க் கால்பந்து மைதானம். பிளாக் சபாத் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே இருக்கும் மைதானம். குழுவைத் தொடங்கிய நான்கு பேரும் இருபது வருடத்துக்குப் பிறகு ஒன்றாக மேடையேறினார்கள். ஓஸிக்குப் பார்க்கின்சன் நோய், நிற்க முடியாது. கறுப்புச் சிம்மாசனம் ஒன்றில் உட்கார்ந்தபடி பாடினார். அதற்கு முன்பு தன்னுடைய தனிப் பாட்டுகளில் ஒன்றான 'மாமா, ஐ'ம் கமிங் ஹோம்' பாடும்போது குரல் அங்கங்கே உடைந்தது. உடைந்த இடத்தையெல்லாம் மைதானம் எடுத்துப் பாடியது. ஒப்பாரியில் ஒருத்தி குரல் அடைத்துப் போனால் அடுத்தவள் அடியை எடுப்பாளே, அப்படி. எழுபத்தேழு வயது பில் வார்ட் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு டிரம்ஸ் அடித்தார். பிளாக் சபாத்தாக நாலு பாட்டு, முடிந்தது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர்களின் கிடார் கலைஞர் டோனி ஐயோமியின் வலது கையை. அண்ணன் எனக்குச் சொன்ன முதல் ராக் கதை அந்தக் கையின் கதை. பதினேழு வயதில் ஷீட் மெட்டல் ஆலையில் வேலை, அதுவும் கடைசி நாள். இயந்திரம் நடுவிரல், மோதிர விரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. அவர் இடது கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய கை அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, பழைய ஜாக்கெட்டின் தோலை வெட்டி அதன் மேல் ஒட்டி, வலி குறைய மெல்லிய கம்பிகளைப் போட்டு வாசித்தார். பின்னாளில் கம்பிகளின் முறுக்கத்தையும் தளர்த்தினார். தளர்ந்த கம்பியில் இருந்துதான் அந்தக் கனத்த ஒலி வந்தது. பிரஸ் ஷாப்பில் அண்ணனோடு வேலை பார்த்தவர்களில் இரண்டு பேருக்கு விரல் போயிருந்தது. "எங்க பட்டறை ஆளுடா அவரு" என்பான் அண்ணன், ஏதோ பக்கத்து மெஷினில் நின்றவரைச் சொல்வது போல.

பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று ஓஸி இறந்தார். 30ஆம் தேதி அவருடைய ஊர்வலம் பர்மிங்ஹாம் பிராட் ஸ்ட்ரீட் வழியாகப் போனபோது முன்னால் ஒரு பித்தளை வாத்தியக் குழு பிளாக் சபாத்தின் 'அயர்ன் மேன்' பாட்டை வாசித்துக்கொண்டு நடந்தது. தெரு இரண்டு பக்கமும் ஜனம். நம் ஊரில் பறை முன்னால் போகிற மாதிரியே இருந்தது. அண்ணனுக்கும் இப்படி ஒன்று நடந்திருக்க வேண்டும்.

நான் பேசியது போதும். க்யூர் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'எண்ட்சாங்'கை இப்போது போடச் சொல்லியிருக்கிறேன். நிலவில் மனிதன் கால் வைத்து ஐம்பது ஆண்டு நிறைந்த 2019இல், பத்து வயதில் அப்பாவோடு நின்று நிலவைப் பார்த்ததை நினைத்து ராபர்ட் ஸ்மித் எழுதியது. பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். முதல் ஆறு நிமிடம் குரல் வராது. வெறும் வாத்தியங்கள்தான். தயவுசெய்து எழுந்து போய்விடாதீர்கள். அந்த விளக்கை மட்டும் யாராவது கொஞ்சம் அணைத்துவிடுங்கள்.