ஒரு வருஷம் வாடகைக்கு இருந்தா இன்-ஸ்டேட் ஆயிடுமா? அமெரிக்காவுல வெட் ஸ்கூல் (கால்நடை மருத்துவக் கல்லூரி) போற பசங்களுக்கு

வணக்கம் மக்களே. இன்னைக்கு எக்ஸ்பீரியன்ஸ் மணிநேரத்த, அதாவது அப்ளிகேஷன்ல காட்டற விலங்குகளோட வேலை செஞ்ச நேரத்த, பத்திதான் ரெண்டாவது பாகம் போடறதா இருந்துச்சு. அத தள்ளி வெச்சுட்டேன். நம்ம ஊர்க்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வர்ட் சுத்திக்கிட்டு இருக்கு. "எந்த ஸ்டேட்ல வெட் ஸ்கூல் நல்லா இருக்கோ அங்க ஒரு அபார்ட்மென்ட் எடுங்க, ஒரு வருஷம் கழிச்சு இன்-ஸ்டேட் ஆயிடும், ஃபீஸ் பாதி, சீட்டும் ஈஸி." இதப் படிச்சதுலேர்ந்து எனக்கு ஆறவே இல்ல. இத நம்பி லீஸ்ல கையெழுத்துப் போடறவங்க இருக்காங்க.

முதல்ல ஒன்னப் புரிஞ்சுக்கோங்க. ரெசிடென்சின்னா நீங்க அந்த ஸ்டேட்டுக்காரரான்னு பாக்கறது, ஆமான்னா இன்-ஸ்டேட். ஆனா அப்படி நாம சொல்றது ரெண்டு தனித்தனி கேள்வி. அட்மிஷன் கமிட்டி உங்க பொண்ணோட ஃபைல எந்தக் கட்டுல வெச்சுப் பாக்கும்ங்கறது ஒன்னு. சீட் கிடைச்சப்புறம் எந்த ரேட்டுல ஃபீஸ் கட்டணும்ங்கறது இன்னொன்னு. முதல் கேள்விக்கு நீங்க அப்ளை பண்ற அன்னைக்கு எங்க நிக்கறீங்களோ பெரும்பாலும் அதுதான் பதில். ரெண்டாவது, சில காலேஜ்ல மட்டும், பின்னாடி மாறலாம். அந்த ஃபார்வர்ட் ரெண்டையும் ஒன்னாப் போட்டு அரைச்சு வெச்சிருக்கு.

நாடு முழுக்க ஒரு வருஷத்துக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல அப்ளை பண்றாங்க. சீட்டு நாலாயிரத்துக்குக் கொஞ்சம் மேல. கேக்கறதுக்கு "பரவாயில்லையே"ன்னு தோணும். ஆனா அந்த நாலாயிரமும் எல்லாருக்கும் திறந்து கிடக்கல. பெரும்பாலான ஸ்டேட் காலேஜ்ல ஒரு பங்கு சொந்த ஸ்டேட் பசங்களுக்குன்னு எடுத்து வெச்சாச்சு. மிச்சத்துக்குத்தான் மத்த ஸ்டேட் மொத்தமும் அடிச்சுக்குது. அத அட்-லார்ஜ் பூல்னு சொல்வாங்க.

வர்ஜீனியா-மேரிலாண்ட் காலேஜ எடுத்துக்கோங்க, பிளாக்ஸ்பர்க்ல இருக்கறது. வர்ஜீனியா பசங்களுக்கு 50, மேரிலாண்ட் பசங்களுக்கு 30, மிச்சம் அட்-லார்ஜ். நீங்க மேரிலாண்ட்ல இருந்தா அந்த 30-க்கு உங்க ஸ்டேட் பசங்களோட மட்டும்தான் போட்டி, ஃபீஸும் இன்-ஸ்டேட் ரேட்டு. அதே மார்க், அதே மணிநேரம் வெச்சிருக்கற கனெக்டிகட் பையன் நாடு முழுக்க இருந்து வர்றவங்களோட அட்-லார்ஜ்ல நிக்கணும். அவன் ஸ்டேட்ல வெட் ஸ்கூலே கிடையாது.

அதனால "எங்க ஸ்டேட்ல காலேஜ் இல்லையே"ன்னு உடனே இடிஞ்சு போகாதீங்க, கான்ட்ராக்ட் சீட், அதாவது உங்க ஸ்டேட் வெளி ஸ்டேட் காலேஜோட ஒப்பந்தம் போட்டு உங்களுக்குன்னு எடுத்து வெச்ச சீட், இருக்கான்னு பாருங்க. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏரியா, யாருமே இதப் பேச மாட்டேங்கறாங்க. கென்டக்கி பசங்களுக்கு அலபாமால ஆபர்ன்ல 38 சீட், டஸ்கீகிலயும் கொஞ்சம் சீட். நெப்ராஸ்கா பசங்க 25 பேர் முதல் ரெண்டு வருஷம் லிங்கன்ல படிச்சுட்டு, கடைசி ரெண்டு வருஷம் அயோவா ஸ்டேட்டுக்கு ஏம்ஸ் போறாங்க. ஐடஹோவுக்கு வாஷிங்டன் ஸ்டேட்ல வருஷத்துக்கு 11 சீட். மான்டானா பசங்க 10 பேர் முதல் வருஷத்த போஸ்மன்லயே முடிச்சுட்டு அதே வாஷிங்டன் ஸ்டேட்டுக்குப் போவாங்க.

மேற்குப் பக்கம் வைச்சின்னு (WICHE) ஸ்டேட்டுகள் சேர்ந்து நடத்தற ஒரு உயர்கல்வி அமைப்பு இருக்கு. வயோமிங், நெவாடா, நியூ மெக்சிகோ, ஹவாய் மாதிரி ஸ்டேட்டுகள் தங்க பசங்கள வெளி ஸ்டேட் காலேஜுக்கு அனுப்பி, ஃபீஸ்ல ஒரு பெரிய பங்க அவங்களே கட்டறாங்க. சில ஸ்டேட்ல படிச்சு முடிச்சதும் திரும்பி வந்து வேலை செய்யணும்னு கண்டிஷன் உண்டு, அதப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. இதுல பசங்க எங்க கோட்டை விடறாங்கன்னா, வைச்சிக்குத் தனியா ஸ்டேட் சர்டிஃபிகேஷன் வாங்கணும், அதுக்குக் கடைசி நாள் அக்டோபர் 15. செப்டம்பர் பாதில விஎம்காஸ (VMCAS, பல வெட் ஸ்கூலுக்கும் ஒரே இடத்துல போடற அப்ளிகேஷன்) சப்மிட் பண்ணதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு உக்காந்துடறாங்க. காலேஜ் சீட் தந்தாலும் ஸ்டேட் காசு வராது.

நியூ ஜெர்சிக்காரங்களே, உங்களத்தான். எடிசன், பிஸ்கடாவேல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு இத்தன வருஷமா சொந்த ஸ்டேட்ல ஒன்னும் இல்லாம இருந்துச்சு. இப்ப ரோவன் யுனிவர்சிட்டில ஷ்ரைபர் ஸ்கூல் 2025-ல ஆரம்பிச்சாச்சு. புது காலேஜ்னு முகம் சுளிக்காதீங்க. புதுசுக்கு முழு அக்ரெடிடேஷன் (அங்கீகாரம்) முதல் பேட்ச் முடிக்கறப்பதான் வரும், எல்லா புது வெட் ஸ்கூலுக்கும் அதே முறைதான். ஜெர்சி பசங்க இத லிஸ்ட்ல முதல் வரில போடணும்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

சரி, ஃபீஸ். இந்த ஃபார்வர்ட் ஏன் இப்ப ஆபத்துன்னா, கடன் சட்டம் மாறிடுச்சு. 2025 ஜூலைல கையெழுத்தானது. 2026 ஜூலை 1-லேர்ந்து புதுசா கடன் வாங்கறவங்களுக்கு கிராட் ப்ளஸ்ங்கற ஃபெடரல் படிப்புக் கடன் கிடையாது. முன்னாடி மொத்தச் செலவு எவ்வளவோ அவ்வளவும் ஃபெடரல் கடன்லயே வாங்கிக்கலாம். இப்ப டிவிஎம் (வெட் டாக்டர் பட்டம்) மாதிரி ப்ரொஃபஷனல் டிகிரிக்கு வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000, அவ்வளவுதான். அவுட்-ஆஃப்-ஸ்டேட் ஃபீஸ் மட்டுமே பல இடத்துல அந்த 50,000-த்த முழுங்கிடும். வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸுக்கு ப்ரைவேட் கடன், அதுக்குக் கூடக் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேத்துக்க ஒரு ஆளு (கோசைனர்). இன்-ஸ்டேட் சீட்டுன்னா பல காலேஜ்ல ஃபீஸ் போக வாடகைக்கும் அதுலயே மிஞ்சும்.

இப்ப, "பின்னாடி மாறலாம்"னு சொன்னேனே, அதுக்கு வரேன். முதல் வருஷம் முடிஞ்சு இன்-ஸ்டேட் ரேட்டுக்கு மாற வழி இருக்கற காலேஜ் உண்டு. ஒஹையோ ஸ்டேட், மிசூரி ரெண்டும் இதுக்குப் பேர் போனது. மிசூரில 12 மாசம் தொடர்ந்து இருக்கணும், அந்த ஸ்டேட்ல 2,000 டாலர் வரி கட்டற வருமானம் காட்டணும். கோடைல ஒரு கிளினிக் வேலை போதும், ஆனா சம்பளம் பேரோல்ல வரணும், கைல வாங்கற காசு கணக்குல வராது.

ஒஹையோதான் நம்ம ஆளுங்க மாட்டற இடம், இதக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன். அங்கயும் 12 மாசம். ஆனா அந்த 12 மாசமும் ஒஹையோவுக்கு வெளில இருக்கறவங்ககிட்டேர்ந்து பண உதவி வாங்கியிருக்கக் கூடாது. நம்ம வீட்ல என்ன நடக்கும்? பொண்ணு கொலம்பஸ்ல படிக்கறா, அப்பா ஜெர்சிலேர்ந்து மாசா மாசம் ஒன்னாந்தேதி வாடகைய ஸெல்ல (Zelle, பணம் அனுப்பற ஆப்) அனுப்பறாரு. கார் இன்சூரன்ஸ் அம்மா கார்டுல போகுது. ஃபோன் ஃபேமிலி ப்ளான். பாசத்துல செய்யறதுதான், தப்பே இல்ல. ஆனா ரெசிடென்சி முடிவு பண்ற ஆஃபீஸ்ல பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டா அதுல அப்பா பேரு வரிசையா நிக்கும். அதோட மாத்தறது நின்னு போச்சு. கொடுக்கணும்னு இருந்தா அந்த 12 மாசம் தொடங்கறதுக்கு முன்னாடியே பொண்ணு பேர்ல இருக்கற அக்கவுன்ட்ல போட்டுடுங்க. அப்புறம் அவ அவளோட காசுல அவளே கட்டட்டும். வாடகை மட்டும் இல்ல, நெட்ஃப்ளிக்ஸ் தவிர எல்லாத்தையும் அவ பேருக்கு மாத்துங்க. டாக்ஸ் ரிட்டர்ன்ல டிபென்டன்டா காட்டறதையும் நிறுத்தணும். டிபென்டன்ட்னா பெத்தவங்க ஸ்டேட்தான் அவ ஸ்டேட், பெரும்பாலான இடத்துல அதுதான் கணக்கு.

"ஃபாஃப்சால (ஃபெடரல் படிப்புக் கடனுக்குப் போடற ஃபார்ம்) அவ இன்டிபென்டன்ட்னு வருதே"ன்னு கேப்பீங்க. ப்ரொஃபஷனல் ஸ்டூடன்ட் எல்லாருமே ஃபாஃப்சால தானா இன்டிபென்டன்ட்தான். ஸ்டேட் ரெசிடென்சி சோதனை வேற. அத இதுக்கு ஆதாரமாக் காட்ட முடியாது.

இன்னொன்னு, பல ஸ்டேட்ல "படிக்க மட்டும் வந்தவங்க ரெசிடென்ட் இல்ல"ங்கறதுதான் முதல் அனுமானம். லீஸ் ஒரு சாட்சி மட்டும்தான். லைசென்ஸ், கார் ரெஜிஸ்ட்ரேஷன், ஸ்டேட் டாக்ஸ், வேலை எல்லாம் ஒரே தேதிய ஒட்டி வரணும். வீடு ஆகஸ்ட்ல, லைசென்ஸ் அடுத்த மார்ச்லன்னா, 12 மாசத்த மார்ச்லேர்ந்து எண்ணினாலும் எண்ணிடுவாங்க.

ஆங், இத முதல்லயே சொல்லியிருக்கணும், லைசென்ஸ்னதும் ஞாபகம் வந்துச்சு. எச்-4 (பெத்தவங்களோட வேலை விசாவ வெச்சு வர்ற விசா), கிரீன் கார்டு பசங்க டிஎம்வி, அதாவது லைசென்ஸ் ஆஃபீஸ், போகும்போது ஃபார்ம்லயோ ஸ்க்ரீன்லயோ "வாக்காளரா பதிவு பண்ணலாமா"ன்னு ஒரு பெட்டி வரும். அதத் தொடவே தொடாதீங்க. ரெசிடென்சி ஆதார லிஸ்ட்ல வோட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கேன்னு டிக் பண்ணிடாதீங்க. அது சிட்டிசனுக்கு மட்டும். சிட்டிசன்னு பொய்யாச் சொன்னதா ஆயிடும், இமிக்ரேஷன்ல அதுக்கு மன்னிப்பு கிடையாதுன்னே வெச்சுக்கோங்க.

எச்-4 பேச்சு வந்துட்டதால, பத்தாவது பதினொன்னாவது படிக்கற பசங்க வெச்சிருக்கறவங்க இப்பவே கேளுங்க. எச்-4-ல இருக்கற வரைக்கும் பல ஸ்டேட்ல குடும்பத்தோட சேர்ந்து ரெசிடென்ட் ஆகலாம். 21 வயசானதும் எச்-4 போயிடும், பெரும்பாலும் எஃப்-1, அதாவது ஸ்டூடன்ட் விசா. எஃப்-1-ல பொதுவா ரெசிடென்சி எடுக்க முடியாது. வெட் ஸ்கூல் ஆரம்பிக்கறது வழக்கமா 22-ல. அதாவது பத்து வருஷமா அதே ஸ்டேட்ல வளர்ந்த புள்ள, சரியா அப்ளை பண்ற நேரத்துல இன்டர்நேஷனல் ஆயிடுது. ஃபெடரல் கடனும் இல்ல. இது அநியாயம், எனக்கு வயிறு எரியுது. ஆனா லிஸ்ட் போடும்போது இத வெச்சுத்தான் போடணும். கிரீன் கார்டு ஃபைல் நகர்ந்துக்கிட்டு இருந்தா சிஎஸ்பிஏ (21 தாண்டற பசங்களுக்கான இமிக்ரேஷன் சட்டம்) வயசுக் கணக்க வக்கீல்கிட்ட போட்டுப் பாருங்க. இல்லேன்னா இன்டர்நேஷனல் எடுக்கறோம்னு எழுத்துல சொல்ற காலேஜ், ரெசிடென்சியே பாக்காத ப்ரைவேட் காலேஜ், அப்புறம் கரீபியன்ல ராஸ், செயின்ட் ஜார்ஜஸ். ரெண்டும் அமெரிக்க அக்ரெடிடேஷன் உள்ளது, ஆனா விலை தலை சுத்தும்.

"சென்னை வேப்பேரி வெட்னரி காலேஜ்ல படிச்சுட்டு வரலாமே"ங்கறாங்க. படிப்பு நல்ல படிப்பு. ஆனா இங்க பிராக்டிஸ் பண்ண பொதுவா ஈசிஎஃப்விஜின்னு வெளிநாட்டுப் பட்டத்த சரிபாக்கற முறைல நாலு கட்டமும் தாண்டணும், கடைசில ப்ராக்டிகல் பரீட்சை, தனியா நாவ்லேங்கற லைசென்ஸ் பரீட்சை. அத மனசுல வெச்சு முடிவெடுங்க.

விஎம்காஸ் காசு பத்தி ஒரு நிமிஷம், எனக்கு இதச் சொல்லாம முடியாது. முதல் காலேஜுக்கே 200 டாலருக்கு மேல, அடுத்தது ஒவ்வொன்னுக்கும் 100-க்கு மேல, அதுக்கு மேல பல காலேஜ் தனியா சப்ளிமென்டல் ஃபீஸ். பன்னண்டு காலேஜ் போடறவங்க இருக்காங்க, அதுல பாதி இடத்துல அட்-லார்ஜ் சீட்டு கைவிரல்ல எண்ணிடலாம். அந்தக் காசுக்கு ஒரு நல்ல சம்மர் கோர்ஸே எடுக்கலாம். டெக்சாஸ் டெக்குக்கு விஎம்காஸ் இல்ல, டிஎம்டிசாஸ்னு வேற வழி, அதுக்கும் தனிக் காசு.

காலேஜ்காரங்களுக்கு மெயில் போடும்போது "நான் இன்-ஸ்டேட்டா"ன்னு மட்டும் கேக்காதீங்க, பொதுவா ஒரு லிங்க் அனுப்பிடுவாங்க. நாலு கேள்வியா கேளுங்க. அட்மிஷனுக்கு ரெசிடென்சிய எந்தத் தேதி வெச்சுப் பாக்கறீங்க? அந்தத் தேதில என் விசா இது, எந்தப் பூல்ல வருவேன்? அந்தப் பூல்ல போன வருஷம் எத்தன சீட்டு, எத்தன அப்ளிகேஷன்? ரெண்டாவது வருஷம் ஃபீஸ் ரேட்டு மாத்த டிவிஎம் பசங்களுக்கு அனுமதி உண்டா? கடைசிக் கேள்விய அட்மிஷன் ஆஃபீஸ்கிட்ட கேட்டாப் பத்தாது, யுனிவர்சிட்டி ரெஜிஸ்ட்ரார்கிட்டயும் கேளுங்க, முடிவு பண்றது பெரும்பாலும் அவங்கதான். பதில பிடிஎஃப்பா சேவ் பண்ணி வெச்சுக்கோங்க.

ஹைஸ்கூல்ல டூயல் என்ரோல்மென்ட் (பள்ளில இருக்கும்போதே காலேஜ் பாடம்) எடுத்த பசங்க அந்தக் கம்யூனிட்டி காலேஜ் ட்ரான்ஸ்க்ரிப்டையும் விஎம்காஸுக்கு அனுப்பணும், அது இல்லாம வெரிஃபிகேஷன் நின்னுடும். அத எப்படி அனுப்பறதுன்னு அந்த எக்ஸ்பீரியன்ஸ் மணிநேர வீடியோவோட சேர்த்து அடுத்த வாரம் போடறேன். வரட்டுமா.