ரயில் வந்திருந்தா நிக்கோடெமஸ் பிழைச்சிருக்குமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்துல, அடிமைத்தனத்துலேர்ந்து விடுதலையான கறுப்பின மக்கள் உருவாக்கின நிக்கோடெமஸ் ஊரைப் பத்திப் பேசினதுக்கு அப்புறம் நிறைய கேள்வி வந்திருக்கு. அதுல ஒண்ணு என்னை விடவே மாட்டேங்குது. ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க: "ஐயா, 1888-ல ரயில் பாதை நிக்கோடெமஸைத் தொடாம போயிடுச்சு, கடைக்காரங்க எல்லாம் கிளம்பிட்டாங்கன்னு சொன்னீங்க. ரயில் மட்டும் அந்த ஊருக்கே வந்திருந்தா, இன்னைக்கு அது ஒரு பெரிய நகரமா இருந்திருக்குமா?"

நல்ல கேள்வி. இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடலாம். ஆனா ஏன் இல்லைங்கறதுலதான் கதையே இருக்கு.

புதுசா வந்தவங்களுக்காக ரெண்டு வரி. 1877. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிஞ்சு பன்னிரண்டு வருஷம். தெற்கு மாநிலங்கள்ல இருந்த மத்திய அரசுப் படையை வாபஸ் வாங்கிட்டாங்க. விடுதலையான கறுப்பின மக்களுக்கு இனி அங்க பாதுகாப்பு இல்லை. அந்த வருஷம் ஏப்ரல்ல ரெண்டு பேர் முன்ன நின்னு ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறாங்க. ஒருத்தர் டபிள்யூ. எச். ஸ்மித், கறுப்பினப் போதகர். இன்னொருத்தர் டபிள்யூ. ஆர். ஹில், வெள்ளைக்காரர், நிலத் தரகர். மேற்குக் கான்சாஸ் புல்வெளியில ஒரு ஊரைக் காகிதத்துல வரைஞ்சு, அதுக்கு நிக்கோடெமஸ்னு பேர் வெச்சு, கென்டக்கி பக்கமெல்லாம் நோட்டீஸ் விட்டாங்க. செப்டம்பர்ல கென்டக்கியோட ஜார்ஜ்டவுன் பகுதியிலிருந்து 300-க்கும் மேற்பட்டவங்க கிளம்பி வந்துட்டாங்க.

எல்லிஸ்ங்கற ஊர் வரைக்கும் ரயில். அங்கிருந்து 35 மைல் நடை, இல்லைன்னா வண்டி. வந்து பார்த்தா ஊரே இல்லை. மரம் கிடையாது, வீடு கிடையாது. முன்னாடி வந்த சில பேர் மண்ணைத் தோண்டி, உள்ள குடியிருந்தாங்க. வில்லியானா ஹிக்மன்னு ஒரு அம்மா, அடுத்த வருஷம் வசந்தத்துல வந்தவங்க, அதைப் பின்னாடி நினைவுபடுத்திச் சொல்லியிருக்காங்க. கூட வந்தவங்க நிக்கோடெமஸ் வந்தாச்சுன்னு சந்தோஷப்படுறாங்க. இந்த அம்மா கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலை. எங்கேன்னு புருஷன்கிட்ட கேக்கறாங்க. தரையிலிருந்து கிளம்புற புகையைக் காட்டி, அதான் நிக்கோடெமஸ்ங்கறார் அவர். அந்த அம்மா அழுதுட்டாங்க. நிக்கோடெமஸைப் பத்தி எப்ப பேசினாலும் எனக்கு முதல்ல அந்தப் புகைதான் ஞாபகத்துக்கு வருது. முன்னாடியும் சொல்லியிருக்கேன், இன்னும் சொல்லுவேன், பொறுத்துக்குங்க.

பல குடும்பங்கள் வந்த வேகத்துலேயே திரும்பிப் போச்சு. ஹில்லைத் தூக்குல போடணும்னு ஒரு கூட்டம் தேடினதாவும், அவர் ஒளிஞ்சு தப்பிச்சதாவும் அந்தப் பக்கத்துல ஒரு கதை உண்டு. மிச்சம் இருந்தவங்களுக்கு முதல் குளிர்காலம் ரொம்பக் கொடுமை. உழ மாடு, குதிரை சரியா இல்லாம மண்வெட்டியால நிலத்தைக் கொத்தினவங்க உண்டு. அடுப்புக்கு விறகு இல்லை, காட்டெருமைச் சாணிதான், காஞ்ச சூரியகாந்தித் தண்டுதான். வேட்டைக்குப் போய்த் திரும்பி வந்துட்டிருந்த ஓசேஜ் பழங்குடிக்காரங்க கறி குடுத்து உதவினாங்க. சொந்த நிலத்தைப் பிடுங்கிட்டு ஓக்லஹோமாப் பக்கம் தள்ளப்பட்ட ஜனம் அது. அவங்க கொடுத்ததைத் தின்னுதான் இவங்க அந்தக் குளிரைத் தாண்டினாங்க.

சரி, இப்ப கவுண்டி. இது புரியாம ரயில் கதை புரியாது. கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரின்னு வெச்சுக்கலாம், ஆனா ரொம்பச் சின்னது. நீதிமன்றம், வரி, நிலப் பத்திரப் பதிவு எல்லாம் அங்கதான். நிக்கோடெமஸ் இருக்கறது கிரஹாம் கவுண்டியில. சிக்கமாகா போர்ல 1863-ல செத்துப்போன ஜான் கிரஹாம்னு ஒரு கேப்டனோட பேரு. 1867-லேயே கவுண்டிக்குக் கோடு போட்டாச்சு, அப்ப குடியானவன்னு அங்க யாரும் கிடையாது. நிர்வாகம்னு ஒண்ணு வந்தது 1880-ல. மேற்குக் கான்சாஸ்ல எல்லாமே இப்படித்தான்: முதல்ல காகிதம், அப்புறம்தான் மனுஷன். எழுபது எண்பது வீட்டு மனையைக் காகிதத்துல வரைஞ்சுட்டு, ஓபரா ஹவுஸுக்கும் கல்லூரிக்கும் இடம் ஒதுக்கியிருக்கோம்பாங்க. காத்துதான் அடிச்சிட்டு இருக்கும் அங்க.

அந்தக் காகிதத்துக்கு மதிப்பு வரணும்னா ரெண்டுல ஒண்ணு கிடைக்கணும். கவுண்டித் தலைமையிடம், இல்லைன்னா ரயில். தலைமையிடம் கிடைச்சா வக்கீல் வருவான், பேங்க் வரும், கோர்ட்டுக்கு வர்றவன் ராத்திரி தங்க ஹோட்டல் வரும். அதனால கொலை வரைக்கும் போயிருக்கு. 1889 ஜனவரியில, தெற்குக் கான்சாஸ்ல, கிரே கவுண்டியில, இங்கல்ஸ் ஊர்க்காரங்க சிமரோன் ஊருக்குள்ள புகுந்து பதிவேடுகளைத் தூக்கிட்டுப் போக வந்தாங்க. ரெண்டு பக்கமும் துப்பாக்கிச் சூடு. ஒருத்தர் செத்தார். சில வருஷத்துல தலைமையிடம் மறுபடி சிமரோனுக்கே வந்திடுச்சு, இன்னைக்கும் அங்கதான் இருக்கு. பத்திரக் கட்டுக்காக ஒரு உயிர்.

கிரஹாம் கவுண்டியில முதல்ல மில்புரூக்தான் தலைமையிடம். 1887-ல சூறாவளி அடிச்சு ஊர் நாசமாச்சு. 1888-ல தலைமையிடம் எங்க போச்சு தெரியுமா? ஹில் சிட்டிக்கு. ஆமா, அதே ஹில்தான். நிக்கோடெமஸுக்கு ஆள் சேர்த்த அதே ஆள், பக்கத்துலேயே தன் பேர்ல இன்னொரு ஊர் போட்டிருந்தார். தரகர் எங்க வேணும்னாலும் பிழைச்சுக்குவார்.

இந்தப் போட்டிக்கு நடுவுலதான் நிக்கோடெமஸ் தலைதூக்கிட்டு இருந்தது. 1880-கள்ல அங்க ஹோட்டல், பேங்க், பள்ளிக்கூடம், சர்ச், ரெண்டு பத்திரிகை எல்லாம் இருந்தது. எட்வர்ட் மெக்கேப்னு சிகாகோவிலிருந்து வந்து குடியேறின ஒரு இளைஞர், கவுண்டியோட முதல் கிளார்க்கா நியமிக்கப்பட்டார். 1882-ல கான்சாஸ் மாநிலத்துக்கே தணிக்கை அதிகாரியா தேர்தல்ல ஜெயிச்சார், 1884-ல மறுபடியும். அந்தக் காலத்துல ஒரு கறுப்பினத்தவர் மாநிலம் முழுக்க ஓட்டு வாங்கி ஜெயிக்கறதுன்னா சாதாரண விஷயமா? அவரைப் பத்தித் தனியா ஒரு பேச்சு பாக்கி இருக்கு, பேசுவோம்.

1887 மார்ச்சுல ஊர்க்காரங்க ஓட்டுப் போட்டு, 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிடச் சம்மதிச்சாங்க. மிசூரி பசிபிக் ரயில் கம்பெனி வரட்டும்னு. பத்து வருஷம் முன்னாடி பொந்துக்குள்ள இருந்த ஜனம் அவ்வளவு பணத்துக்குப் பொறுப்பேத்துக்கிட்டாங்க. கம்பெனி வரலை. அடுத்த வருஷம் யூனியன் பசிபிக் வந்தது, சாலமன் ஆத்துக்குத் தென்கரையில, ஊரை விட்டு சுமார் 6 மைல் தள்ளி. பாதை போட்டவங்க தங்கின முகாம்தான் பின்னாடி போக்ங்கற ஊர் ஆச்சு. கடைக்காரங்க சாமானைத் தூக்கிட்டு அங்க போனாங்க. 1888 முடியறதுக்குள்ள நிக்கோடெமஸ் கடைத்தெரு காலி.

இதோட கதையை நிறுத்தினா தங்கச்சி கேட்ட கேள்வி சரிதான். ரயில் வந்திருந்தான்னு தோணத்தான் செய்யும். ஆனா ஒண்ணு செய்யுங்க. ரயில் போன ஊரைப் போய்ப் பாருங்க. போக் இன்னைக்கு எப்படி இருக்கு? 200 பேர் கூட இல்லை. ரயிலையும் பிடிச்சு தலைமையிடத்தையும் பிடிச்ச ஹில் சிட்டி? சுமார் 1,400 பேர். லாட்டரியில ரெண்டு பரிசும் அடிச்ச ஊருக்கே இதுதான் கதி. கவுண்டி மொத்தத்துக்கும் 1910-ல 8,700 பேர் இருந்தாங்க, 2020 கணக்கெடுப்புல 2,415. கறுப்பர் ஊர், வெள்ளையர் ஊர், ரயில் வந்த ஊர், வராத ஊர்னு பார்க்காம எல்லாமே சுருங்கியிருக்கு.

அப்போ ரயில் இல்லைன்னா எது? வழக்கமா பார்க்கறவங்க இப்பவே சொல்லிடுவீங்க, நான் புழுதிப் புயல் பேச்சுல சொன்னதுதான். மழை. மழையும் 160 ஏக்கரும்.

குடியேறினவங்களுக்கு அரசு நிலம் கொடுக்க 1862-ல போட்ட சட்டப்படி ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர். அஞ்சு வருஷம் குடியிருந்து பயிர் பண்ணினா சொந்தம், கட்டணம் வெறும் 18 டாலர். நம்ம ஊர்க்காரங்களுக்கு 160 ஏக்கர்னா ஜமீன்! ஓஹையோவிலயோ அயோவாவிலயோகூட அது நல்ல பண்ணைதான். ஆனா கிரஹாம் கவுண்டி இருக்கறது நூறாவது தீர்க்கரேகையை ஒட்டி. அங்கிருந்து மேற்கே வருஷத்துக்கு 20 அங்குல மழைக்கும் கீழ, அதுவும் ஒரு வருஷம் வரும், ரெண்டு வருஷம் வராது. நம்ம ஊர்லயும் மழை கம்மியான இடம் உண்டு, ஆனா கிணறு, கண்மாய் ஏதாவது இருக்கும். அங்க வானம் ஒண்ணுதான்.

இதை அப்பவே ஒருத்தர் சொன்னார். ஜான் வெஸ்லி பவல். போர்ல ஒரு கையை இழந்தவர், அந்த ஒத்தைக் கையோட 1869-ல கொலராடோ ஆத்துல படகுல இறங்கி கிராண்ட் கேன்யனைக் கடந்தவர். 1878-ல அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். இந்த வறண்ட பூமியில 160 ஏக்கர்னு வெட்டிக் கொடுக்கறது தப்பு, மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கர் வேணும்னார். 1878! அந்த ஹிக்மன் அம்மா புகையைப் பார்த்து அழுத அதே வருஷம். வாஷிங்டன்ல யாரும் காது கொடுக்கலை. ஏர் போட்டா மழை தானா வரும்னு பேசிட்டிருந்த காலம் அது, படிச்சவங்களே அதை நம்பினாங்க.

கடைசியில பவல் சொன்ன கணக்குக்குத்தான் நிலம் வந்து நின்னுது, சட்டத்தால இல்லை, ஜனம் வெளியேறினதால. 1930-கள்ல வறட்சியும் புழுதியும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரன் வித்துட்டுப் போவான், இருக்கறவன் வாங்கிச் சேர்ப்பான். அறுவடை இயந்திரம் வந்தப்புறம் நூறு பேர் பார்த்த வேலையை நாலு பேர் பார்த்தாங்க. கோதுமை விளையுது, ஆள் தேவையில்லை. ஆள் இல்லைன்னா பள்ளிக்கூடம் எதுக்கு, கடை எதுக்கு? 1950-ல நிக்கோடெமஸ்ல 16 பேர். 1953-ல தபால் ஆபீஸையும் மூடிட்டாங்க. ரயில் வந்திருந்தா கடைத்தெரு இன்னும் ஒரு முப்பது நாப்பது வருஷம் கூடுதலா இருந்திருக்கும். அவ்வளவுதான்.

ஆனா தங்கச்சி, நீங்க வேற ஒண்ணு கேட்டிருக்கணும். நிக்கோடெமஸ் ஏன் செத்ததுன்னு இல்லை, ஏன் இன்னும் சாகலைன்னு. மேற்குக் கான்சாஸ்ல பேர் கூட மிஞ்சாம போன காகித ஊர் எத்தனையோ. தலைமையிடமா இருந்த மில்புரூக்கே இன்னைக்கு ஊரா இல்லை. நிக்கோடெமஸ் இருக்கு. 1996-லிருந்து தேசியப் பூங்காத் துறை அதைப் பாதுகாக்குது. மிசிசிப்பிக்கு மேற்கே கறுப்பின மக்கள் உருவாக்கி இன்னும் மிச்சம் இருக்கற மிகப் பழைய ஊர் அதுதான்.

காரணம், போனவங்க நிலத்தை விடலை, வருஷா வருஷம் வர்றதையும் விடலை. ஜூலை கடைசி வாரம் ஹோம்கமிங்னு ஒரு கூட்டம். இருபது பேர் கூட இல்லாத ஊர்ல நூத்துக்கணக்குல வந்து நிப்பாங்க, டென்வர், கன்சாஸ் சிட்டி, கலிஃபோர்னியான்னு எங்கெங்கிருந்தோ. வெரில் ஸ்விட்சர்னு ஒரு அமெரிக்கக் கால்பந்து வீரர், இந்த ஊர்ல பிறந்தவர், 1954-ல கிரீன் பே பேக்கர்ஸ் அணி வீரர் தேர்வோட முதல் சுற்றுலேயே எடுத்த ஆள். பின்னாடி பல்கலைக்கழகத்துல பெரிய பதவி எல்லாம் பார்த்தார். ஆனா இந்த ஊர் நிலத்துல கோதுமை போடறதை விடலை. இப்படிப்பட்டவங்கதான் ஊரைப் பிடிச்சு வெச்சிருக்காங்க.

அந்த ஜூலைக் கூட்டத்துக்கு மூலம் விடுதலை நாள் விழா. அமெரிக்க விடுதலை நாள்னுதானே நினைப்பீங்க? இல்லை. ஆகஸ்ட் 1. 1834 ஆகஸ்ட் 1-ல பிரிட்டிஷ்காரன் மேற்கிந்தியத் தீவுகள்ல அடிமை முறையை ஒழிச்ச நாள். வடக்கு மாநிலங்கள்ல இருந்த சுதந்திரக் கறுப்பர்கள் அதை ரொம்ப காலமா கொண்டாடிட்டு வந்தாங்க, நிக்கோடெமஸும் அதையே எடுத்துக்கிச்சு. இப்ப நம்ம பக்கம் திரும்புங்க. அடிமைகளை விடுதலை பண்ணினதும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணுமே? அந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல்ல ஏத்த ஆரம்பிச்சாங்க. மொரீஷியஸுக்கு நம்ம ஆட்கள் போனது அப்படித்தான். 1860-ல ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போனதும் அந்த ஏற்பாட்டுலதான். கான்சாஸ் புல்வெளியில அவங்க கொண்டாடுற தேதிதான் நம்ம ஆட்களைக் கூலியா கடல் தாண்ட வெச்சுது. இதைத்தான் நான் ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். தங்கச்சி ரயிலைப் பத்திக் கேட்டாங்க, நான் கப்பல்ல வந்து நிக்கறேன்.

இன்னொருத்தர் நேர்ல போய்ப் பார்க்க முடியுமான்னு கேட்டிருக்கார். தாராளமா. 24-ஆம் எண் நெடுஞ்சாலையிலேயே இருக்கு. அஞ்சு பழைய கட்டிடம், அதுல 1939-ல சுண்ணாம்புக் கல்லுல கட்டின டவுன்ஷிப் ஹாலை மெதுவா சுத்திப் பாருங்க. ஜூலை கடைசியில போனா ஆள் இருப்பாங்க, பேசலாம். தங்கறதுக்கு ஹில் சிட்டியில பார்த்துக்குங்க. நிக்கோடெமஸ்ல செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டல்னு ஒண்ணு நிக்கும், 1881-ல கட்டினது, அதுல போய் ரூம் இருக்கான்னு கேட்டுடாதீங்க. அடுத்த கேள்வி என்னப்பா?