மாந்தோப்புல அரை நிலா வெட்டுவோம்

(காரிமங்கலம் பக்கம் மா விவசாயிங்க கூட்டத்துல பேசினது, பேசின மாதிரியே எழுதியிருக்கேன்)

எல்லாருக்கும் வணக்கங்க. டெமிலூன்னு ஒரு பேரு இருக்கு, அரை நிலான்னு அர்த்தம். பிரெஞ்சுல இருந்து இங்கிலீஷுக்கு போனது, கோட்டைக்கு வெளிய தனியா நிக்கற காப்பு மதிலுக்கு அந்த பேரு. இங்கிலீஷ்காரங்களே அத அதிகமா சொல்றதில்ல, ஆனா மேற்கு ஆப்பிரிக்காவுல நைஜர், புர்கினா பாசோ பக்கம் போனீங்கன்னா காட்டுல மண்வெட்டி புடிக்கறவங்க வாயில அது சாதாரணமா வரும். அங்க அது மழைத்தண்ணி புடிக்கற குழி. சகாரா பாலைவனத்து ஓரமா கெட்டுப்போன நிலத்த மீட்கறதுக்கு 2007ல ஆப்பிரிக்க யூனியன் ஆரம்பிச்ச பசுமைச் சுவர் திட்டத்துலயும் இந்த குழிய நெறைய வெட்டியிருக்காங்க.

நமக்கு வருசத்துக்கு 800 மில்லிமீட்டருக்கு மேல பெய்யுது, அவங்களுக்கு நெறைய எடத்துல அதுல பாதிகூட இல்ல. ஆனா டேங்கர் தண்ணி வாங்கி பெங்களூரா மாமரத்துக்கு ஊத்துறது யாரு, நாமதான். பெய்யற மழை செம்மண்ணு மேல ஓடி ஓடைக்கு போயிடுது, மேல்மண்ணையும் சேத்து இழுத்துட்டு போவுது, அப்பறம் ஆயிரம் அடி போர் போட்டு காத்து வருதுன்னு தலைல கை வெச்சுக்கறோம்.

சரி, வெட்டறது எப்படின்னு சொல்றேன். ஒரு முளைக்குச்சி அடிச்சு ரெண்டு மீட்டர் கயிறு கட்டி அரை வட்டம் போடுங்க, வாய் மேட்டுப்பக்கம் பாக்கணும், வளைவு பள்ளத்துப்பக்கம். உள்ள ஒரு சாண் ஆழம் வெட்டி அந்த மண்ணையே வளைவுல கரையா போட்டு மிதிச்சு விடுங்க. அவ்ளோதான். இந்த குழி ரொம்பினா சுமாரா 1,200 லிட்டர் நிக்கும். மேல 50 சதுர மீட்டர் நிலம் இருக்குன்னு வைங்க, 20 மில்லிமீட்டர் மழை பேஞ்சா அது மேல விழறது 1,000 லிட்டர், அதுல பாதி ஓடி வந்தாலே 500 லிட்டர் உங்க மரத்துக்கு, காசு குடுக்காம.

முழு வட்டம் போட்டா என்னன்னு கேப்பீங்க. மேல இருந்து வர்ற தண்ணி உள்ள எப்படிங்க போவும்? நீளமா ஒரே வரப்பு போட்டா எங்க தாழ்வா இருக்கோ அங்க எல்லா தண்ணியும் சேந்து ஒடச்சுக்கிட்டு போயிடும். இது தனித்தனி, ஒண்ணு போனாலும் மத்தது நிக்கும்.

இதுல உயிரே கரையோட ரெண்டு முனைதான். ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்கணும், கரை நடுவுல ஒசரமா இருந்து முனைக்கு வர வர தாழணும், அப்பதான் மிச்சத்தண்ணி ரெண்டு பக்கமும் சமமா வழியும், இல்லன்னா ஒரு பக்கமே அரிச்சுக்கிட்டு போவும். கண்ணால பாத்து மட்டம் சொல்றேன்னு யாரும் வராதீங்க, கொத்தனாருங்க வெச்சிருக்கற டியூப் லெவல் எடுங்க, உள்ள தண்ணி தெரியற பிளாஸ்டிக் குழாதான் அது, தண்ணி ஊத்தி உள்ள காத்துக்குமிழி இல்லாம தட்டி விட்டு ரெண்டு முனையிலயும் புடிங்க, தரையில இருந்து தண்ணி ரெண்டு பக்கமும் ஒரே ஒசரத்துல நின்னா மட்டம், முடிஞ்சுது. அடுத்த வரிசைய ரெண்டு குழிக்கு நடுவுல வர்ற மாதிரி செங்கல் அடுக்கறாப்புல மாத்தி மாத்தி போடுங்க, வழியற தண்ணி அதுல விழும்.

ஜேசிபி வெச்சு ஒரே நாள்ல முடிச்சிடலாம்னு சிலபேரு சொல்றாங்க, எனக்கு அதுல இஷ்டமில்லீங்க, மட்டமும் போவும், பெரிய மரத்தோட வேரும் போவும். காச்சிக்கிட்டிருக்கற மரத்துக்கு தண்டுல இருந்து தள்ளி, கொப்பு விரிஞ்சிருக்கற ஓரத்துல கீழ்ப்பக்கமா கரை வர்ற மாதிரி போடுங்க, ஆழம் ரொம்ப வேணாம். புதுக்கன்னா இருந்தா குழி நடுவுல நடாதீங்க, கரைய ஒட்டி கொஞ்சம் மேடா வைங்க. கருமண்ணு நிலத்துக்கு இது வேணாம், தண்ணி தேங்கி வேர் அழுவும். செங்குத்தான கரட்டுலயும் வேணாம், கரை நிக்காது.

கோடை மழையில மண்ணு பதமா இருக்கும்போதே வெட்டிடுங்க. கரை மேல கொழுக்கட்டைப் புல்லு விதைச்சு விட்டா மண்ண புடிச்சுக்கும், ஆடு மட்டும் மொத வருசம் ஏறாம பாத்துக்கணும்.