விம்போல் தெருவின் ஒரு வாசல்

நேயர்களுக்கு வணக்கம். விக்டோரியா காலத்து ஆங்கிலக் கவிஞர்களுக்குக் கடவுள் மேல் சந்தேகம் எப்படி வந்தது என்று கேட்டால், டார்வினால் என்று பலரும் சொல்வார்கள். பரிணாமம் பற்றிய டார்வினின் நூல் வந்தது 1859இல். அதே சந்தேகத்தைப் பேசும் நெடுங்கவிதை, கவிஞர் டென்னிசனின் 'இன் மெமோரியம்', 1850இலேயே வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தைக் கிளப்பியது ஒரு சாவு.

ஆர்தர் ஹாலம், டென்னிசனின் உயிர் நண்பர். டென்னிசனின் தங்கைக்கு நிச்சயமான மாப்பிள்ளையும்கூட. 1833 செப்டம்பரில் வியன்னாவில் திடீரென்று இறந்துபோனார். வயது 22.

அவர் நினைவாக டென்னிசன் எழுதிய பாடல்களின் தொடர்தான் 'இன் மெமோரியம்'. அதில் ஏழாம் பாடலை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். லண்டனில் விம்போல் தெரு, ஹாலம் வாழ்ந்த வீடு. தூக்கம் வராமல் விடியற்காலையில் டென்னிசன் அந்த வாசலுக்கு வருகிறார். ஒரு காலத்தில் இதே கதவின் முன், நண்பனின் கையைப் பற்றப்போகிறோம் என்று நெஞ்சு படபடக்க நின்றவர். இப்போது குற்றவாளி போல் பதுங்கி வருகிறார். பிறகு ஒரு வரி: அவன் இங்கே இல்லை.

வேதாகமம் படித்தவர்களுக்கு இது எங்கே வருகிறது என்று தெரியும். காலியான கல்லறையில் பெண்களுக்குச் சொல்லப்படுவது: "அவர் இங்கே இல்லை, அவர் உயிர்த்தெழுந்தார்." கவிதையில் முதல் பாதி இருக்கிறது. அடுத்து உயிர்த்தெழுதல் வரவேண்டும். தூரத்தில் ஊர் விழிக்கும் இரைச்சல்தான் வருகிறது. தூறல், வெறிச்சோடிய தெரு, வெறுமையான விடியல். பாடல் அங்கேயே முடிகிறது. மொத்தம் 12 வரி. கடவுள் பெயரே இல்லை, ஆனால் கடவுளிடம் கேட்கவேண்டிய கேள்வி முழுக்க அதில் இருக்கிறது.

கவனியுங்கள், நேசித்தவன் எங்கே போனான் என்பதுதான் இவருடைய கேள்வி. அதற்கப்புறம்தான் விஞ்ஞானம். நிலவியலாளர் லயலின் நூலைப் படிக்கிறார்; பாறைக்குள் அழிந்துபோன உயிரினங்கள். இயற்கை ஓர் இனத்தையே காப்பாற்றாதபோது என் ஆர்தரை யார் காப்பாற்றுவார்? சந்தேகத்துக்கும் வேர் அன்புதான், அதைத்தான் மறுபடி மறுபடி சொல்லத் தோன்றுகிறது.

119ஆம் பாடலில் அதே வாசலுக்குத் திரும்புகிறார். தெருவில் புல்வெளி மணக்கிறது, பறவை கீச்சிடுகிறது, நினைவிலேயே நண்பனின் கையைப் பற்றிக்கொள்கிறார். விடை கிடைத்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழாமல் நிற்க முடிகிறது, அவ்வளவுதான்.

நேரம் நெருங்கிவிட்டது. அதே காலத்துக் கவிஞர் மாத்யூ ஆர்னால்டின் 'டோவர் பீச்' பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நம்பிக்கையின் கடல் வற்றுகிறது, நாமாவது ஒருவருக்கொருவர் உண்மையாய் இருப்போம் என்று காதலியிடம் கேட்கும் கவிதை, 1867இல் வெளிவந்தது. சிறியதுதான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். வணக்கம்.