எந்த அணிக்குக் கைதட்டுகிறாய்?

எல்லோருக்கும் வணக்கம். அரைமணி நேரம் கொடுத்திருக்கிறீர்கள், பாதியில் முடித்துவிடுகிறேன், வெளியே பிள்ளைகள் மட்டையோடு காத்திருக்கிறார்கள்.

1990 ஏப்ரலில் நார்மன் டெபிட் என்ற கன்சர்வேட்டிவ் எம்.பி. ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். பிரதமர் தாட்சர் அமைச்சரவையில் பெரிய பதவிகளில் இருந்தவர். பிரிட்டனில் குடியேறிய ஆசியர்களில் பெரும்பகுதியினர் கிரிக்கெட் சோதனையில் தேறுவதில்லை, அவர்கள் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பாருங்கள், இன்னும் விட்டுவந்த ஊரையே நினைத்துக்கொண்டிருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும் என்றார். அன்றைக்கு லண்டனில் பஸ் ஓட்டிக்கொண்டும், ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டும், ஒழுங்காக வரி கட்டிக்கொண்டும் இருந்த மனிதர்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. டெபிட் 2025இல் காலமாகிவிட்டார். அவர் கேட்ட கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது, அதை இப்போது அதிகம் கேட்பது லண்டனுக்குக் குடிவந்த நாம்தான் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் அந்தச் சோதனையின் அநியாயத்தைப் பார்த்துவிடுவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பத்து பவுண்டு கப்பல் டிக்கெட்டில் எத்தனையோ பிரிட்டிஷ் குடும்பங்கள் ஆஸ்திரேலியா போய்க் குடியேறின. அங்கே வீடு வாங்கி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் தொடர் வந்தால் இங்கிலாந்துக் கொடியோடு மைதானத்துக்குப் போய் உட்கார்ந்தவர்கள் அவர்களில் உண்டு. அவர்களுடைய விசுவாசத்தைப் பற்றி டெபிட் கவலைப்பட்டாரா? அது ஊர்ப்பாசம், நம்முடையது மட்டும் துரோகமா?

2019 உலகக்கோப்பை இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். லார்ட்ஸ் மைதானம், ஜூலை 14. இங்கிலாந்துக்காக 84 ரன் அடித்து ஆட்டமிழக்காமல் நின்ற பென் ஸ்டோக்ஸ் பிறந்தது நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில். அப்பாவுக்கு இங்கே ரக்பி லீக் பயிற்சியாளர் வேலை கிடைத்ததால் 12 வயதில் வந்த பிள்ளை. எதிரணி அதே நியூசிலாந்து. கடைசி ஓவரில் அவர் ரன்னுக்காகப் பாய்ந்து விழும்போது நியூசிலாந்து வீரர் கப்டில் எறிந்த பந்து அவர் மட்டையில் பட்டு எல்லைக் கோட்டுக்கு ஓடியதே, உடனே இரண்டு கையையும் தூக்கி மன்னிப்புக் கேட்டாரே, பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் அவருடைய அப்பா நியூசிலாந்தில் இருந்தார், நியூசிலாந்து ஆதரவாளராகவே இருந்தார், மகன் சாதித்ததில் பெருமை, தன் அணி தோற்றதில் வருத்தம், இரண்டையும் மறைக்கவில்லை. ஒரே குடும்பத்துக்குள் இரண்டு அணி. அந்தக் குடும்பத்தை யாரும் சோதனைக் கூண்டில் ஏற்றவில்லை, ஏற்றியிருக்கவும் கூடாது. அந்த இயல்பான மரியாதை நமக்கும் வேண்டும் என்பதுதான் கேட்பது.

நாசர் உசேனை இந்த அரங்கில் சொல்லாமல் விட முடியாது. 1968இல் நம் மெட்ராஸில் பிறந்தவர். அவர் அப்பா மெட்ராஸ் அணிக்காக ரஞ்சிக் கோப்பையில் ஆடியவர், பிறகு கிழக்கு லண்டனில், இல்ஃபோர்டில் கிரிக்கெட் பள்ளி நடத்தினார். இங்கே பாதிப்பேருக்குத் தெரிந்த அதே இல்ஃபோர்டுதான். மகன் இங்கிலாந்துக்கே கேப்டன் ஆனார். 2001இல் அவரும், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஏன் இங்கிலாந்தை ஆதரிக்கவில்லை என்று புரியவில்லை என்று வருத்தப்பட்டார். தன் சொந்த மண்ணில் ஆடும்போதே பாதி மைதானம் எதிரணிக்குக் கத்துவதைக் கேட்ட ஒரு கேப்டனின் வருத்தம் அது, அதை மதிக்கிறேன். ஆனால் ஏற்க முடியவில்லை. எந்த அணி பிடிக்கும் என்பதை யாரும் பாஸ்போர்ட்டைப் பார்த்து முடிவு செய்வதில்லை. ஏழெட்டு வயதில் யார் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தோம், விக்கெட் விழுந்தபோது யார் எழுந்து போய் டிவியை அணைத்தார்கள், அங்கேதான் அது தீர்மானமாகிறது. அப்புறம் குடியுரிமை மாறலாம், அது மாறாது.

ஈழத்திலிருந்து வந்த நம் சொந்தங்களிடம் இந்தச் சோதனையை வைத்துப் பாருங்கள், கேள்வியே உடைந்துபோகும். எந்த அரசுக்குப் பயந்து ஓடிவந்தார்களோ அந்த அரசின் கொடிதான் அணியின் சட்டையில் இருக்கிறது. 2013 சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதியில், கார்டிஃபில் இந்தியாவும் இலங்கையும் ஆடியபோது மைதானத்துக்குள் ஓடிப்போய் எதிர்ப்புக் காட்டியவர்கள் தமிழர்கள். அந்த அணியைப் புறக்கணிக்க வேண்டும் என்று பேசுகிற வீட்டிலேயே, அதே அணியில் ஆடிய தமிழரான முரளி 800ஆவது விக்கெட்டை எடுத்தபோது சந்தோஷப்பட்டவர்களும் இருந்தார்கள், சந்தோஷப்பட்டதற்காகச் சண்டை போட்டவர்களும் இருந்தார்கள். 2018இல் இதே லண்டனில், ஃபிஃபாவில் இடமில்லாதவர்களுக்காக நடந்த கால்பந்துப் போட்டியில் தமிழீழம் என்ற பெயரிலேயே ஓர் அணி ஆடியது. இவர்களில் யார் தேறினார், யார் தோற்றார் என்று டெபிட்டால் சொல்லியிருக்க முடியுமா?

சரி, இப்போது நம் பக்கம் வருகிறேன்.

2014 செப்டம்பர், பர்மிங்ஹாமின் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் இங்கிலாந்து–இந்தியா டி20 ஆட்டம். இங்கிலாந்து வீரர் மொயீன் அலி பிறந்தது அதே பர்மிங்ஹாமில், வளர்ந்தது அந்த மைதானத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்பார்க்ஹில்லில். குடும்பத்தின் வேர் பாகிஸ்தான் பக்கக் காஷ்மீரில், ஆனால் அப்பாவைப் பெற்ற பாட்டி ஆங்கிலேயப் பெண். அவர் ஆடவந்ததும் கூட்டம் ஊளையிட்டது, பந்து வீசவந்தபோதும் ஊளையிட்டது. ஊளையிட்டவர்கள் யார்? நீல ஜெர்சி போட்ட இந்திய ரசிகர்கள், இங்கேயே பிறந்தவர்களும் உண்டு. அவர் செய்த குற்றம் பாகிஸ்தான் வேர் இருந்ததும், தாடி வைத்திருந்ததும்தான். சொந்த ஊர் மைதானத்தில் ஒரு பையனுக்கு அப்படி நடந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. டெபிட் நம்மிடம் வைத்த அளவுகோலை நாம் திருப்பிப் பிடித்து இன்னொருவன் முதுகில் வைத்தோம்.

வீட்டுக்குள் நடப்பது இதைவிடச் சின்னது, ஆனால் தினமும் நடக்கிறது. "நீ இந்தியனா, இங்கிலீஷா?" என்று எட்டு வயதுப் பெண்ணைச் சாப்பாட்டு மேசையில் மாமா கேட்கிறார். அவள் இங்கிலாந்து என்றால் பெரியவர்கள் சிரிக்கிறார்கள், "வெள்ளைக்காரியாயிட்டா" என்கிறார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் பக்கத்துச் சீட்டுத் தோழியோடு கத்திக் கைதட்டிய அணி அது, அவ்வளவுதான். அடுத்த முறை அவள் பதில் சொல்வதில்லை, தோளைக் குலுக்கிவிட்டு மாடிக்குப் போய்விடுகிறாள். அதே பெண் இந்தியா என்று சொன்னால் வகுப்பில் வேறொருவன் கேட்பான், அப்படியானால் ஏன் இங்கே இருக்கிறாய் என்று. இரண்டு பக்கமும் அடி வாங்குகிற பிள்ளையை நாமாவது விட்டுவிட வேண்டாமா?

2024 டி20 உலகக்கோப்பையில், நியூயார்க்கில் இந்தியாவும் அமெரிக்காவும் ஆடியபோது நடந்ததையும் பாருங்கள். மும்பையில் பிறந்து, இந்தியாவின் 19 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடிய சௌரப் நேத்ரவால்கர், மென்பொருள் வேலையும் பார்த்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் பந்து வீசினார். கோலியை முதல் பந்திலேயே வெளியேற்றினார், அப்புறம் ரோகித்தையும் எடுத்தார். இந்தியா ஜெயித்தது. இந்திய ரசிகர்களே அவரைத் தங்கள் பையன் என்று கொண்டாடினார்கள். இப்படியும் நம்மால் நடந்துகொள்ள முடிகிறதே.

அதனால் நிர்வாகக் குழுவினரிடம் ஒன்று கேட்கிறேன். இன்றைய விளையாட்டு நாள் சுற்றறிக்கையில் பிள்ளைகள் எல்லோரும் இந்திய ஜெர்சியில்தான் வர வேண்டும் என்று போட்டிருந்தது. நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பீர்கள். அடுத்த ஆண்டு அந்த வரியை எடுத்துவிடுங்கள். இங்கிலாந்துச் சட்டையில் வருகிற பிள்ளை அதிலேயே வரட்டும், எதுவும் வேண்டாம் என்கிற பிள்ளை பள்ளிக்கூட டி-ஷர்ட்டில் வரட்டும். அணி பிரிக்கும்போது எல்லோரையும் கலந்து பிரியுங்கள்.