வாசித்தவர்களா, மீறியவர்களா?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். மணி அடிப்பதற்குள் விஷயத்துக்கு வருகிறேன்.

1968 ஜனவரி 1இல் தொடங்கி, 1991இல் நின்று, 1994இல் அதே பெயரோடு திரும்பி வந்து, இன்றும் ஓடுகிற மாஸ்கோவின் இரவு டிவி செய்தி ‘வ்ரேம்யா’. அதை வரலாற்றில் நிறுத்தியவர்கள் எழுதிக் கொடுத்ததை வாசித்தவர்களா, மேலிடத்தை மீறியவர்களா? மீறியவர்களே என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவர், ‘வ்ரேம்யா’ செய்தி வாசிப்பாளர் இகோர் கிரில்லோவின் கம்பீரக் குரலைப் புகழ்ந்தார். நல்ல குரல்தான், மறுக்கவில்லை. ஆனால் 1986 ஏப்ரல் 26 விடியுமுன் சோவியத் நாட்டின் செர்னோபில் அணு உலை வெடித்தது. 27ஆம் தேதி பக்கத்திலிருந்த பிரிப்யாத் நகரத்தையே பஸ்ஸில் ஏற்றிக் காலி செய்தார்கள். 28ஆம் தேதி காலை சுவீடன் அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சு எச்சரிக்கை. அன்றிரவு ஒன்பது மணிக்குத்தான் ‘வ்ரேம்யா’ வாய் திறந்தது. எத்தனை வாக்கியம்? ஐந்தே ஐந்து! ஊரைக் காலி செய்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை உண்டா? இல்லை! குரல் இருந்து என்ன செய்ய?

அடுத்து ஒன்று சொன்னார் பாருங்கள், அதை நான் சும்மா விடப்போவதில்லை. “சில விநாடி அட்டை பிடித்த அம்மாவெல்லாம் வரலாறா?” என்றார்.

ஐயா, சில விநாடியில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், கேளுங்கள். 1991 ஆகஸ்ட் 19. சோவியத் அதிபர் கோர்பச்சேவை கிரிமியாவில் அடைத்துவிட்டார்கள். மாஸ்கோ தெருவில் டாங்கி. டிவியில் பாலே நடனம். மாலையில் ஆட்சியைப் பிடித்தவர்கள் நிருபர்களைக் கூட்டுகிறார்கள். நடுவில் துணை அதிபர் யானாயெவ். “நாட்டின் அதிகாரம் இப்போது என் கையில்” என்று சொல்ல வந்த மனிதர். அந்தக் கை என்ன செய்கிறது? நடுங்குகிறது! நிருபர்கள் கேள்வி கேட்கிறார்கள், கை நடுங்குகிறது. “நேற்று இரவு நீங்கள் ஆட்சிக் கவிழ்ப்பு செய்தீர்கள், புரிகிறதா?” என்று 24 வயதுப் பெண் நிருபர் ஒருவர் எழுந்து கேட்கிறார். கை இன்னும் நடுங்குகிறது!

‘வ்ரேம்யா’வில் படத்தொகுப்புக்குப் பொறுப்பு யெலேனா பொஸ்த்னியாக். “அந்தக் கையை வெட்டு, நிருபர்கள் சிரித்த சிரிப்பை வெட்டு” என்று மேலிடத்து உத்தரவு. வெட்டத் தெரியாதவரா அவர்? வெட்டவில்லை ஐயா! இரவு ஒன்பது மணிக்கு நாடே அந்தக் கையைப் பார்த்தது. அதே செய்தியில், கவிழ்ப்பை எதிர்த்து டாங்கி மேல் நின்ற ரஷ்யத் தலைவர் யெல்ட்சினையும் பார்த்தது. ஊரையே நடுங்க வைக்க வந்தவனுக்கே கை நடுங்குகிறது என்று தெரிந்த பிறகு எவன் பயப்படுவான்? மூன்றே நாளில் ஆட்டம் முடிந்தது. எத்தனை விநாடி ஐயா அந்தக் கை? கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்!

இப்போது நீங்கள் சொன்ன அந்த அம்மாவுக்கு வருகிறேன். மரீனா ஒவ்ஸ்யானிகோவா. ‘வ்ரேம்யா’ ஓடுகிற அதே சேனலில் செய்தி ஆசிரியராக வேலை பார்த்தவர். 2022 மார்ச் 14, ரஷ்யா உக்ரைன் மேல் போர் தொடுத்திருந்த நேரம். ‘வ்ரேம்யா’ நேரலை. வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். “போரை நிறுத்துங்கள். பிரசாரத்தை நம்பாதீர்கள். இங்கே உங்களிடம் பொய் சொல்கிறார்கள்” என்று கையெழுத்தில் எழுதிய அட்டை. அதற்கு முன்பே பதிவு செய்துவைத்த வீடியோவில், தன் அப்பா உக்ரேனியர், அம்மா ரஷ்யர், இருவரும் ஒருநாளும் பகைவர்களாக இருந்ததில்லை என்றார். கழுத்தில் கிடந்த மாலையில் இரண்டு நாட்டுக் கொடியின் நிறமும் இருந்தது.

அப்பன் ஊர் மேல் அம்மா ஊர் குண்டு போடும்போது ஒரு பெண் வேறென்ன செய்வாள், சொல்லுங்கள்! அபராதம் போட்டார்கள். அடங்கவில்லை, மறுபடி போராடினார். வீட்டுக்காவலில் வைத்தார்கள். மகளை அழைத்துக்கொண்டு நாட்டை விட்டே தப்பினார். ஆளில்லாமலே எட்டரை ஆண்டு சிறை என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்கள். வேலை போச்சு, வீடு போச்சு, வாழ்ந்த மண்ணும் போச்சு.

“அட்டை பிடித்த அம்மா” என்றீர்களே, ஆமாம் ஐயா, அம்மாதான்! பெற்ற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டிய அம்மா. மாஸ்கோ நீதிமன்றம் அவருக்கு ஒரு தீர்ப்பு எழுதிவிட்டது. இன்னொரு தீர்ப்பு உங்கள் கையில் இருக்கிறது நடுவர் அவர்களே. வணக்கம்.