வால்வை மாற்றுவதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம். பழைய வால்வு கிட்டார் ஆம்ப், அதாவது கண்ணாடிக் குழாய் போன்ற வால்வுகளால் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி, பழுதானால் அதை எப்படிப் பார்த்துச் சரிசெய்வது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆம்ப்பில் கோளாறு என்றதும் புது வால்வு வாங்க ஓடாதீர்கள். உம்மென்று இரைந்தாலும் சரி, கரகரத்தாலும் சரி, சத்தமே வராமல் போனாலும் சரி, எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது வால்வைத்தான், ஏனென்றால் வெளியே தெரிகிற, கையாலேயே கழற்றி மாட்டக்கூடிய பொருள் அது ஒன்றுதான். ஆனால் ஐம்பது அறுபது வருடம் ஓடிய ஆம்ப்பில் வால்வைக் கொல்கிற காரணம் பல நேரம் வால்வுக்கு வெளியே, ஆம்ப்புக்குள் மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கிற ஏதோ ஒரு சின்ன கண்டென்சரில் இருக்கும். அதைப் பிடிக்காமல் புது வால்வை மாட்டினால் புதுசும் பழசு போன வழியிலேயே போகும்.

சரி, பின்பலகையைத் திறப்பதற்கு முன்னால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இந்த ஆம்ப்களுக்குள் 300 முதல் 500 வோல்ட் வரை டிசி ஓடும். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகும் டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்கள் அந்த வோல்டேஜைப் பிடித்து வைத்திருக்கலாம், சில ஆம்ப்களில் வெகுநேரத்துக்கு. அதனால் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு பக்கமும் நன்றாக உறை போட்ட கிளிப் கம்பி வைத்து, ஒரு முனையை ஆம்ப்பின் உலோகச் சட்டமான சேசிஸிலும் மறு முனையை ஃபில்டர் கண்டென்சரின் பாசிட்டிவ் முனையிலும் மாட்டி சில வினாடி விடுங்கள். அப்புறம் மீட்டர் வைத்துப் பாருங்கள். மீட்டர் சில வோல்ட்டுக்குக் கீழே காட்டும் வரை உள்ளே விரல் போகக் கூடாது. ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து இறக்குகிற பழக்கம் சிலருக்கு உண்டு, அது வேண்டாம், கண்டென்சருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல். ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் அளக்க வேண்டி வந்தால் ஒரு கை மட்டும் வேலை செய்யட்டும், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். இதில் பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் தொடவே வேண்டாம்.

அடுத்து மின்கம்பி. 1960களின் அமெரிக்க ஆம்ப்கள் பலவற்றில் இரண்டு பின் பிளக்தான் இருக்கும், எர்த் கிடையாது. அதோடு மெயின்ஸ் லைனிலிருந்து சேசிஸுக்கு ஒரு கண்டென்சர் போட்டிருப்பார்கள். அது ஷார்ட் ஆனால் சேசிஸ் முழுக்க லைன் வந்துவிடும், சேசிஸிலிருந்து கேபிள் வழியாகக் கிட்டாரின் கம்பிகளுக்கும் வரும். வாசிப்பவர் ஒரு கையில் கம்பியைப் பிடித்தபடி எர்த் ஆன மைக்கில் உதட்டை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய பொருளை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களிடம் நான் விட்டுக்கொடுக்காத ஒரே இடம் இதுதான். அந்தக் கண்டென்சரை எடுத்துவிட்டு, மூன்று கம்பி கேபிள் போட்டு, எர்த்தை சேசிஸில் தனி போல்ட் வைத்து முறுக்கிவிடுங்கள். ஃபியூஸும் சுவிட்சும் லைன் கம்பியில் வர வேண்டும், நியூட்ரலில் அல்ல.

பல வருடம் ஓடாமல் கிடந்த ஆம்ப்பை நேராக மெயின்ஸில் சொருகிவிடாதீர்கள். இழை பல்பு ஒன்றை, அறுபது அல்லது நூறு வாட்டில், லைனில் வரிசையாகக் கோத்து அதன் வழியாகக் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே எங்கோ ஷார்ட், அணைத்துவிட்டுத் தேடுங்கள். இன்னொன்று, ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்ப்பை ஓட்டவே கூடாது. சுமை இல்லாத அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி உள்ளே இன்சுலேஷன் வெந்துவிடும், ஆம்ப்பிலேயே விலை கூடின, மாற்று கிடைக்கக் கஷ்டமான பாகங்களில் அது ஒன்று.

இனி சத்தத்துக்கு வருவோம், எனக்கு இதில் பிடித்த பகுதியே இதுதான், ஏனென்றால் இங்கே மீட்டரை விட வாசிப்பவரின் காது முந்திக்கொள்ளும். மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபையர் அதை டிசி ஆக்கும்போது மிச்சமாக வருகிற அலை 100 ஹெர்ட்ஸ். கிட்டாரில் ஆறாவது கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டினால் வருகிற ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். ஆம்ப்பின் இரைச்சல் அந்த ஜியோடு ஏறக்குறைய ஒட்டி நின்றால் ஃபில்டர் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள், அல்லது ஸ்பீக்கரை ஓட்ட ஜோடியாக வேலை செய்யும் இரண்டு பவர் வால்வுகளில் ஒன்று தளர்ந்து சமநிலை போயிருக்கும். அதே ஜிக்கு ஒரு ஆக்டேவ் கீழே, கனமாக இரைந்தால் அது 50 ஹெர்ட்ஸ், ஃபில்டரை விட்டுவிட்டு ஹீட்டர் கம்பிகள், எர்த் இணைப்பு, ஏன், கிட்டாரின் பிக்கப்பையே பாருங்கள். மெயின்ஸ் 60 ஹெர்ட்ஸ் உள்ள ஊர்களில் இந்த இரைச்சல்கள் 60, 120 என்று மேலே தள்ளிப் போய் ஏ ஷார்ப் சுரத்துக்கும் பி சுரத்துக்கும் நடுவில் நிற்கும். கூடவே வால்யூமைத் திருகிப் பாருங்கள். இரைச்சல் அதோடு ஏறி இறங்கினால் கோளாறு வால்யூமுக்கு முன்னால், அசையாமல் நின்றால் பின்னால். வால்வுகளையும் முன்பக்கமிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால், எதை எடுத்ததும் இரைச்சல் நிற்கிறதோ அந்தக் கட்டத்திலோ அதற்கு முன்னாலோ சிக்கல். ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

ஃபில்டர் கண்டென்சர்கள் எலக்ட்ரோலிட்டிக் வகை, உள்ளே ஈரமான பொருள் இருக்கிறது, வருடங்கள் ஆக ஆக வறண்டுவிடும். அறுபதுகளின் ஒரிஜினல் இன்னும் மாற்றப்படாமல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள், துருவத்தைச் சரிபார்த்து, அதே அளவோ அதைவிடக் கூடிய வோல்டேஜோ உள்ளதாகப் போடுங்கள். வால்யூமைக் கூட்டும்போது படகு மோட்டார் போல டப்டப்பென்று தானாக அடிக்கிற கோளாறும் பல நேரம் இவை போனதால்தான், ஒரு கட்டத்தின் சிக்னல் சப்ளை வழியாக இன்னொரு கட்டத்துக்குத் திரும்பிப் போய்விடுகிறது.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன அந்தச் சின்ன கண்டென்சர். அறையின் விளக்கை அணைத்துவிட்டு பவர் வால்வுகளைப் பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது சரி. அதைச் சுற்றியுள்ள சாம்பல் நிற உலோகத் தகடு, அதுதான் பிளேட், அதன் மேல் மங்கலான செம்புள்ளி ஒன்று தோன்றி மெல்லப் பரவினால் உடனே அணையுங்கள், அந்த வால்வு தாங்க முடியாத கரண்டை இழுத்துக்கொண்டிருக்கிறது. பலர் இந்த இடத்தில் புது ஜோடி வாங்கி மாட்டுவார்கள், அதுவும் சிவக்கும். காரணம் என்னவென்றால், முந்தைய கட்டத்திலிருந்து சிக்னலைக் கொண்டுவருகிற கப்ளிங் கண்டென்சர் டிசியைத் தடுக்க வேண்டும், பழசாகிக் கசிந்தால் சில வோல்ட் பாசிட்டிவ் பவர் வால்வின் கிரிட்டுக்குப் போய்விடும், கட்டுப்படுத்த வேண்டிய கிரிட்டே வால்வைத் திறந்துவிடுகிறது. சோதிப்பது சுலபம். பவர் வால்வுகளைக் கழற்றிவிட்டு ஆம்ப்பை ஓட்டி, அந்த சாக்கெட்டின் கிரிட் பின்னில், வழக்கமான பவர் வால்வு வகைகளான 6எல்6, 6வி6, ஈஎல்34 எல்லாவற்றிலும் அது ஐந்தாவது பின், வோல்டேஜ் அளங்கள். வால்வு சும்மா இருக்கும்போது இழுக்கிற கரண்டைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுதான் பயாஸ். அதைக் கேத்தோடில் உள்ள ரெசிஸ்டரே உண்டாக்குகிற கேத்தோட் பயாஸ் ஆம்ப்பில் பூஜ்யம் இருக்க வேண்டும். கிரிட்டுக்குத் தனியாக நெகடிவ் வோல்டேஜ் கொடுக்கிற ஃபிக்ஸட் பயாஸ் ஆம்ப்பில் இரண்டு சாக்கெட்டிலும் ஒரே நெகடிவ் வோல்டேஜ் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் நெகடிவ் குறைந்திருந்தால் அந்தப் பக்கத்துக் கண்டென்சர் கசிகிறது. இரண்டிலுமே நெகடிவ் வரவில்லை என்றால் பயாஸ் சப்ளையைப் பாருங்கள், அதில் உள்ள எலக்ட்ரோலிட்டிக்கும் சாகிற வயதுதான். வால்யூம் திருகும்போது கரகரவென்று வருவதும் எப்போதும் தூசி இல்லை, இதே மாதிரிக் கசிவால் அந்த வால்யூம் கன்ட்ரோலில் டிசி ஏறியிருந்தாலும் எத்தனை கிளீனர் அடித்தாலும் போகாது.

சத்தமே வராத ஆம்ப் என்றால் முதலில் ஃபியூஸ், ஸ்பீக்கர் கம்பி, ஹீட்டர் எரிகிறதா என்பது. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறு ஓம் அளவில் காட்டும், அது கோளாறு இல்லை. அப்புறம் முன்கட்டத்து 12ஏஎக்ஸ்7 வால்வின் கிரிட் பின்களான 2ஐயும் 7ஐயும் மீட்டர் முனையால் தொட்டுப் பாருங்கள், ஸ்பீக்கரில் டப் என்று கேட்க வேண்டும். பின்பக்கமிருந்து முன்னுக்கு வாருங்கள், எந்த இடத்தில் டப் கேட்காமல் போகிறதோ அங்கே நின்றுகொண்டு பிளேட் பின்களான 1, 6 இரண்டிலும் அளங்கள். வழக்கமாக 150 முதல் 200 வோல்ட் அளவில் இருக்கும். சப்ளை முழுசாக அங்கேயே இருந்தால் வால்வு கரண்ட் இழுக்கவில்லை, வால்வு போயிருக்கலாம் அல்லது கேத்தோட் ரெசிஸ்டர் விட்டிருக்கலாம். பூஜ்யம் என்றால் 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டர் அறுந்திருக்கும். அந்த ரெசிஸ்டர் அறுபடாமலே சத்தம் கொடுப்பதும் உண்டு, யாரும் வாசிக்காதபோது விட்டுவிட்டுச் சடசடவென்று வருவது பல நேரம் இந்தப் பழைய கார்பன் ரெசிஸ்டர்தான்.

தட்டினால் வந்து தட்டினால் போகிற கோளாறுக்கு மெல்லிய மரக்குச்சி போதும். ஆம்ப் ஓடும்போது குச்சியின் நுனியால் ஒவ்வொரு இணைப்பையும் லேசாக அசையுங்கள். எதைத் தொட்டதும் சத்தம் விட்டுவிட்டு வருகிறதோ அங்கே ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. வால்வைத் தட்டி மணியடித்த மாதிரிக் கேட்டால் அந்த வால்வு மைக்ரோபோனிக், அதாவது அதிர்வையே சத்தமாக்குகிறது, அதை மாற்றலாம்.

கண்டென்சரும் இணைப்புகளும் சரியான பிறகுதான் பயாஸ். கேத்தோடுக்கும் எர்த்துக்கும் நடுவில் 1 ஓம் ரெசிஸ்டர் போட்டால் மீட்டர் காட்டுகிற மில்லிவோல்ட்டே மில்லிஆம்பியர். 6எல்6ஜிசியின் பிளேட் தாங்குவது 30 வாட், ஃபிக்ஸட் பயாஸில் அதில் 70 சதவீதம், அதாவது 21 வாட் போதும். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் ஏறக்குறைய 47 மில்லிஆம்பியர். இதைத் தாண்டி ஏற்றினால் சத்தம் தடிக்கும் என்று நினைக்காதீர்கள், வால்வின் ஆயுள்தான் குறையும்.

கடைசியாக, மற்ற பாகங்களைப் பற்றி. பழசு என்ற ஒரே காரணத்துக்காக எல்லா ரெசிஸ்டரையும் சிக்னல் கண்டென்சரையும் பிடுங்கிப் புதுசு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது வேதனையாக இருக்கும். ரெசிஸ்டரின் அளவு கொஞ்சம் ஏறியிருக்கும், அதனால் சத்தம் கெடாதவரை அது அங்கேயே இருக்கட்டும், அந்த ஆம்ப்பின் குணம் எதில் இருக்கிறது என்று நமக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லத் தெரியாது. கசிகிறது, இரைகிறது, அறுந்தது என்று அளந்து தெரிந்ததை மட்டும் மாற்றுங்கள். எடுத்த பாகங்களைப் பையில் போட்டு ஆம்ப்பின் அடியிலேயே ஒட்டிவையுங்கள். முடித்ததும் ஒரு மணி நேரம் திறந்தபடியே ஓட்டி, பயாஸை மறுபடி அளந்து, பிளேட் வோல்டேஜ், கரண்ட், மாற்றிய பாகம், தேதி எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டுங்கள். அடுத்து அந்த ஆம்ப்பைத் திறப்பவர், அது நீங்களாகவே இருந்தாலும், முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.

நன்றி, வணக்கம்.